மீண்டும் கிசுமுவுக்குப் போகலாமா?

கேள்வி: நான் திருச்சியில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர். வயது 29; திருமணம் ஆகவில்லை. 2023-ஆம் ஆண்டு ஒரு தன்னார்வப் பயண நிறுவனத்தின் மூலம், வாரக் கட்டணம் செலுத்தி, கென்யாவில் கிசுமு நகருக்கு அருகிலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று மாதங்கள் தங்கிப் பணியாற்றினேன். காலையில் சிறு குழந்தைகளைக் குளிப்பாட்டி உணவூட்டுவேன். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுடன் விளையாடுவேன். மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளுக்குப் பயிற்சியும் அளித்தேன். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளிலிருந்தே என்னை விட்டு நகரவில்லை. புறப்படும் நாளில் அவன் அழுததைப் பார்க்க முடியாமல், சீக்கிரம் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டேன். இல்ல மேலாளர் இப்போதும் வாட்ஸ்அப்பில், "பிள்ளைகள் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தோழிகளையும் அழைத்து வாருங்கள்" என்கிறார். வரும் டிசம்பர் முதல் ஆறு மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்து, கிறிஸ்துமஸை அவர்களோடு கொண்டாடி, அங்கேயே தங்கிப் பணி செய்ய விரும்புகிறேன். அந்தச் சிறுவனைத் தத்தெடுக்க முடியுமா என்றும் யோசிக்கிறேன். ஆனால் இத்தகைய பயணங்களால் குழந்தைகளுக்குக் கேடுதான் என்று என் தோழி வாதிடுகிறாள். நான் போகலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகலாம், ஆனால் முன்பு செய்த அதே வேலைக்காகவும் அல்ல, ஆறு மாதத்துக்கும் அல்ல, டிசம்பரிலும் அல்ல. உங்கள் தோழி சொல்வதில் பெரும்பகுதி உண்மை. முதன்முறையாகப் போக நினைக்கும் ஒருவர் எனக்கு எழுதியிருந்தால், போக வேண்டாம் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். உங்கள் நிலை வேறு. அங்கே உங்களை அறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு வாக்கும் கொடுத்திருக்கிறீர்கள். போகாமலே இருந்துவிடுவதும் அவனைப் பொறுத்தவரை ஒரு பதில்தான் என்பதால், எப்படிப் போவது, யாருக்காகப் போவது, என்ன வேலை செய்வது என்பவற்றையே நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுவன் இரண்டாம் நாளிலேயே உங்களோடு ஒட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவன் அன்பின் ஆழமாக நீங்கள் எடுத்துக்கொண்டது இயல்பு. குழந்தைகள் இல்லங்களோடு பணியாற்றும் சமூகப்பணியாளருக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. குடும்பத்தில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை, புதிதாக வந்தவரைத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டுதான் பார்க்கும்; பழகச் சில நாட்களாவது எடுத்துக்கொள்ளும். முன்பின் தெரியாதவரின் மடியில் உடனே ஏறிக்கொள்வது, நிலையாகத் தன்னைக் கவனிக்கும் ஒரே ஆள் அமையாத பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். அவன் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. கிடைக்கும்போதே பற்றிக்கொள்ள வேண்டும் என்று அவன் வாழ்க்கை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதல்ல. போரில் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை 1951-லேயே, குழந்தைக்கு நிலையான ஒருவரின் நெருக்கம் உணவைப் போலவே இன்றியமையாதது என்று வலியுறுத்தியது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் உறவுப் பிணைப்பிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகம் தேறினார்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியைப் பற்றி லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-ல் எழுதிய கட்டுரை, எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளிடம் சில வாரங்கள் தங்கிப் போகும் தன்னார்வலர்களையே நேரடியாகப் பேசியது. வந்து, நெருங்கி, பிரியும் ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு இழப்பு என்பது அவர்களின் வாதம். நீங்கள் போன பிறகு அதே தொட்டிலறையில் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, அந்தப் பிள்ளைகள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பெற்றோர் இல்லாததால் என்று பயண நிறுவனம் உங்களிடம் சொல்லியிருக்கும். உலகெங்கும் காப்பகங்களில் உள்ள குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கிறார் என்று 'சேவ் தி சில்ரன்' அமைப்பின் 2009 அறிக்கை கூறுகிறது. கிசுமு, சியாயா, ஹோமா பே என்று விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டிய மாவட்டங்கள் எச்.ஐ.வி.யால் கென்யாவிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவை. மருந்து பரவலாகக் கிடைக்காத 1990-களில் அங்கே ஒரு தலைமுறைப் பெற்றோர் இளவயதிலேயே இறந்தார்கள். பிள்ளைகளைப் பெரும்பாலும் பாட்டிமார்தான் வளர்த்தார்கள். மருந்து வந்த பிறகு நிலைமை மாறியது. அந்தக் காலத்துக்கென எழுந்த இல்லங்கள் பல அப்படியே நின்றன. இன்று அவற்றுக்குள் வரும் பிள்ளைகள் பலரின் பின்னால் இருப்பது பள்ளிச் செலவு, வறுமை, தாயின் நோய், குடும்பத் தகராறு. அல்லது உடற்குறைபாடுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத ஒரு தாயின் தவிப்பு. உங்கள் தொழில் உதவக்கூடிய இடம் இந்தக் கடைசிக் காரணம்தான் என்பதால் அதற்குப் பிறகு வருகிறேன்.

பணம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஏரியின் மேற்குக் கரையில், தான்சானியாவின் ககேரா பகுதியில், ஒரு குழந்தையை இல்லத்தில் வைத்திருக்க ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவானது என்றும், வளர்ப்புக் குடும்பத்துக்கு உதவுவதைப்போல் அது ஏறக்குறைய ஆறு மடங்கு என்றும் உலக வங்கியின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நீங்கள் செலுத்திய வாரக் கட்டணத்தில் ஒரு பங்கு இல்லத்துக்குப் போயிருக்கும். படுக்கைகள் நிறைந்திருந்தால்தான் தன்னார்வலர்கள் வருவார்கள், தன்னார்வலர்கள் வந்தால்தான் பணம் வரும் என்ற நிலை ஏற்பட்டுவிட்டால், ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது அந்த நிர்வாகத்துக்கு நட்டமாகிவிடுகிறது. இதில் தீய எண்ணம் கொண்டவர்கள் ஒருசிலரே இருப்பார்கள். நல்லெண்ணத்தோடு நடக்கும் இல்லங்களும் இந்தக் கணக்கில் சிக்கிக்கொள்கின்றன.

இந்தக் கணக்கை மாற்றக் கென்ய அரசே முனைந்துள்ளது. 2017 நவம்பரில் புதிய தனியார் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தினார்கள். 2022-ல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு, இல்லங்களில் உள்ள பிள்ளைகளைப் படிப்படியாகக் குடும்பங்களுக்குத் திரும்பச் செய்வதற்கான பத்தாண்டுத் திட்டம் வெளியானது. அது 2032 வரை செல்லும். இந்த மாற்றம் முதலில் முயன்று பார்க்கப்பட்ட மாவட்டங்களில் கிசுமுவும் ஒன்று. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானம், காப்பகங்களை நோக்கிய சுற்றுலாவும் தன்னார்வப் பயணங்களும் குழந்தைகளுக்கு விளைவிக்கும் கேட்டைக் குறிப்பிட்டது. ஆகவே நீங்கள் திரும்பும்போது, எல்லாம் அப்படியே இருக்கும் ஓர் இல்லத்துக்குப் போகவில்லை. மூடப்படவோ உருமாறவோ வேண்டிய கட்டத்தில் உள்ள ஓர் இல்லத்துக்குப் போகிறீர்கள். அந்த மாற்றத்துக்கு உங்கள் வருகை கைகொடுக்குமா, குறுக்கே நிற்குமா என்பதை மேலாளரின் பதில்கள் உங்களுக்குக் காட்டிவிடும்.

அவருக்கு இப்போதே எழுதுங்கள். இல்லம் கென்ய அரசிடம் பதிவு பெற்றதா, பதிவு நடப்பில் உள்ளதா. ஒவ்வொரு பிள்ளையும் நீதிமன்ற ஆணையின் பேரில்தான் அங்கே இருக்கிறதா, அதற்குத் தனிக் கோப்பு உண்டா. சமூகப்பணியாளர் ஒருவர் பணியில் இருக்கிறாரா. கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் உறவினரிடம் திரும்பினார்கள், திரும்பியவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல நிர்வாகி இக்கேள்விகளால் புண்பட மாட்டார், மகிழவே செய்வார். குழப்பமான பதில் வந்தாலோ, கேள்விகளை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளின் படங்கள் மட்டும் வந்தாலோ, அங்கே போகாதீர்கள். 2023-ல் நீங்கள் கவலைக்குரிய எதையேனும் நேரில் பார்த்திருந்தால், கென்யாவின் குழந்தைகள் உதவி எண் 116. மாவட்டக் குழந்தைகள் அலுவலரிடமும் தெரிவிக்கலாம்.

இன்னொரு கேள்வியை உங்களிடமே கேட்கிறேன். சென்ற முறை, காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் உங்களிடம் யாராவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டிருக்க மாட்டார்கள் என்றே ஊகிக்கிறேன். உங்களை நான் ஐயப்படவில்லை. உங்களுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் அப்படியே திறக்கும் என்பதுதான் என் கவலை. நைரோபியில் ஓர் இல்லத்துக்குப் பலமுறை திரும்பித் திரும்பி வந்து அனைவரின் நம்பிக்கையையும் பெற்ற இளம் தன்னார்வலர் ஒருவர், அங்குள்ள பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதற்காக 2016-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் 40 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். எனவே கேட்காவிட்டாலும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழைப் பெற்றுக் கொண்டுபோய்க் கொடுங்கள். இனி வருவோர் அனைவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். "தோழிகளையும் அழைத்து வாருங்கள்" என்ற அழைப்பை மட்டும் ஏற்காதீர்கள்.

இனி, நீங்கள் செய்யக்கூடிய வேலை. குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் தாலாட்டுவதும் இல்லத் தாய்மாரின் பணி. நீங்கள் அதைச் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை, நாளையும் அங்கே இருக்கப்போகும் பெண்ணை விட்டுவிட்டு, நாளை இருக்கப்போகாத உங்களிடம் பழகுகிறது. இல்லத் தாய்மாருக்குக் கைகள் போதவில்லை என்றால், உங்கள் விமானச் செலவில் உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பல மாதங்களுக்குப் பணியமர்த்த முடியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை எப்படித் தூக்குவது, எந்த நிலையில் அமர்த்தினால் உணவு மூச்சுக்குழாயில் போகாது, கைகால் இறுகிப்போகாமல் இருக்க அன்றாடம் உடை மாற்றும்போதே என்ன செய்யலாம், உள்ளூர்த் தச்சரைக் கொண்டு மரத்தில் எப்படி ஓர் ஆதார நாற்காலி செய்வது என்பவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். இவற்றை நீங்களே அந்தக் குழந்தைகளுக்குச் செய்துவிட்டு வருவதால் பெரிய பயனில்லை. மூன்று மாதம் செய்து நிறுத்திய பயிற்சியின் பலன் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுங்கள். அதைவிடவும், அந்தக் குழந்தைகளின் சொந்தத் தாய்மாரையோ பாட்டிமாரையோ சமூகப்பணியாளர் மூலம் அழைத்துவரச் செய்து அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். குழந்தையைத் தூக்கவும் ஊட்டவும் தெரிந்துகொண்ட தாய், அதை வீட்டுக்கு அழைத்துப்போகத் துணிவாள். நீங்கள் கிசுமுவில் செய்யக்கூடிய வேறெந்த வேலையும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இதைத் தனியாகச் செய்ய முனையாதீர்கள். கென்யாவில் இயன்முறை மருத்துவர்களுக்கென 2014-ல் இயற்றிய சட்டமும் பதிவுக் குழுமமும் உண்டு. வெளிநாட்டில் படித்தவர் அங்கே தொழில் செய்ய அந்தப் பதிவு வேண்டும். கிசுமுவில் ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனையிலோ பணிபுரியும் உள்ளூர் இயன்முறை மருத்துவர் ஒருவரை இல்லத்தோடு இணைத்து, அவருக்குத் துணையாக நீங்கள் இருந்தால், நீங்கள் திரும்பிய பிறகும் வேலை தொடரும். இதற்கு ஆறு மாதம் தேவையில்லை. ஆறு முதல் எட்டு வாரம் போதும். ஊருக்கு வந்தபின் மாதம் ஒருமுறை காணொளி அழைப்பில் இல்லத் தாய்மாரின் ஐயங்களைத் தீர்த்து வாருங்கள். மிச்சமாகும் நான்கு மாத விடுப்பை அடுத்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்துகொண்டால், ஒருமுறை நெடுநாள் தங்கி மறைந்துவிடுவதற்குப் பதிலாக, சொன்ன காலத்தில் வந்து சொன்ன காலத்தில் போகும் ஒருவராக நீங்கள் இருப்பீர்கள்.

அந்தச் சிறுவனைப் பற்றி. அவன் இப்போது பள்ளி செல்லும் வயதில் இருப்பான். நீங்கள் வருவதாக அவனுக்கு இப்போது சொல்லியனுப்ப வேண்டாம். பயணம் உறுதியான பிறகு, அவனை அன்றாடம் கவனிக்கும் இல்லத் தாய் தன் வாயால் சொல்லட்டும். போய்ச் சேர்ந்த அன்றே, திரும்பும் தேதியையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்து அவனிடம் கொடுத்தால், பிரிவு திடீரென்று வந்து விழாது. அவனுக்கென்று மட்டும் பரிசுப்பொருள் கொண்டுபோகாதீர்கள். உங்கள் அறைக்கு அழைத்துப்போகாதீர்கள். அவன் படத்தைச் சமூக ஊடகங்களில் இடாதீர்கள். விடைபெறும்போது, உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அடுத்த வருகையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். அவன் அழுவான், உண்மையைக் கேட்டு அழும் பிள்ளையைப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் தேற்றிவிட முடியும்.

தத்தெடுப்பைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவே வேண்டியிருக்கிறது. கென்யப் பிள்ளைகளை வெளிநாட்டவர் தத்தெடுப்பதை அந்நாட்டு அமைச்சரவை 2014 நவம்பரில் நிறுத்திவைத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவனுக்குத் தாய் இருக்கிறாளா, பாட்டி இருக்கிறாளா, உடன்பிறந்தோர் உண்டா என்று நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அதை முதலில் கேளுங்கள். உறவினர் இருந்தால், அவன் அவர்களிடம் திரும்புவதற்கு என்ன தடை என்று சமூகப்பணியாளரிடம் கேளுங்கள். ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்குக் கென்ய அரசு 2004 முதல் உதவித்தொகை கொடுத்து வருகிறது; மாதம் 2,000 ஷில்லிங் என்ற அளவில் அது சிறியது, எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. பள்ளிச் சீருடையும் புத்தகமும் ஒரு படுக்கையும்தான் தடை என்று தெரியவந்தால், பயண நிறுவனத்துக்குக் கட்ட நினைத்த பணம் அதற்குத் தாராளமாகப் போதும். அதை நீங்கள் பாட்டியின் கையில் நேராகக் கொடுக்காமல், குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் அமைப்பின் வழியாகக் கொடுங்கள். நீங்கள் போவதற்குள் அவன் வீடு திரும்பியிருந்தால், அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் வந்திருப்பதாகச் சமூகப்பணியாளர் சொல்லட்டும், வரச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும்.

பயண ஏற்பாடுகளில் இரண்டு மட்டும். சுற்றுலாப் பயணிக்கான அனுமதியில் போய், ஊதியமில்லாத வேலை என்றாலும், பணி செய்யக் கூடாது. கென்யக் குடிவரவுத் துறையின் உரிய அனுமதியை இல்லமோ மருத்துவமனையோ உங்கள் பெயரில் பெற வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். 2023-ல் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள், இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். மலேரியாவுக்கு மருத்துவரிடம் கேட்டு முன்தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் அது ஆண்டு முழுவதும் இருக்கிறது.

டிசம்பர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது. கென்யப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஆண்டிறுதியில்தான் வருகிறது. நகரங்களில் வேலை செய்வோர் பேருந்துகளை நிறைத்துக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குத் திரும்புவதும், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் ஒரே முற்றத்தில் கூடுவதும் கிறிஸ்துமஸின்போதுதான். உறவினர் உள்ள பிள்ளைகளை அந்த வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிப் பழக்குவது, பல இல்லங்கள் குடும்ப மீளிணைப்புக்கு எடுத்துவைக்கும் முதல் அடி. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேக்கும் பரிசுகளும் கொண்டு வருகிறார் என்றால், பிள்ளைகளை இல்லத்திலேயே நிறுத்திவைக்க நிர்வாகத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பிள்ளைகளும் போக மனமில்லாமல் நிற்பார்கள். புதிய கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பள்ளி திறந்து ஓரிரு வாரம் கழித்துப் போய்ச் சேருங்கள். பகலில் பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். இல்லத் தாய்மாருக்கு உங்களிடம் கற்றுக்கொள்ள நேரம் இருக்கும். விடுமுறைக்கு வீடு போய்த் திரும்பிய பிள்ளைகளைப் பற்றிய சமூகப்பணியாளரின் குறிப்புகளும் அதற்குள் தயாராகியிருக்கும். யாருடைய தாயை முதலில் பயிற்சிக்கு அழைப்பது என்பதை அவரோடு அமர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.